மூடி திறக்கும் முசே

மூடி வைத்த எதையும் அவரால் சும்மா விட முடியாது. முதல் நாள், அவர் வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்வதற்குள் என் டூல்ஸ் பெட்டியைத் திறந்துவிட்டார். ஸ்குரூ டிரைவர், கட்டிங் பிளேயர், டெஸ்டர், மோட்டாரில் இருந்து கழற்றிய தேய்ந்த கார்பன் ரெண்டு, பாதி கடித்த முறுக்கு ஒன்று. முறுக்கை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது எந்த வேலைக்கு?”

“அது என்னை ஓட்டுறதுக்கு முசே. டீசல் மாதிரி.”

சிரிக்கவில்லை. முறுக்கை எடுத்த இடத்திலேயே, அதே சாய்மானத்தில் வைத்து மூடினார்.

நான் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் செய்கிறவன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதை ரெண்டு தடவை படித்தேன், அவ்வளவு பிடித்துப் போயிருந்தது. அவரோ பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர். கருவடிக்குப்பத்தில் என் கடைக்கு ரெண்டு தெரு தள்ளி வீடு. யாரும் பேர் சொல்ல மாட்டோம், எல்லோருக்கும் முசே, பிரெஞ்சில் ஐயா மாதிரி. பட்டாளத்தில் சிப்பாய்களின் பெட்டிகளைத் திறந்து சோதனை போடுவது அவர் வேலையாம். வேலை விட்டுவிட்டது, கை விடவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் தாலி கட்டுவதைப் பார்க்க மாட்டார், பின்பக்கம் போய் அண்டாத் தட்டைத் தூக்கிப் பார்ப்பார். ஒருமுறை பக்கத்து வீட்டு இட்லிப் பானையைத் திறந்து, “இன்னும் மூணு நிமிசம்” என்று சொல்லி மூடிவிட்டு வந்தார். அந்த வீட்டு அம்மா அப்போது கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் முசே வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டது ஒரு பிளக் மாற்ற. பிரான்ஸில் இருக்கும் மகன், ஊருக்கு வந்த யார் கையிலோ ஒரு ரொட்டி மெஷினைக் கொடுத்தனுப்பியிருந்தான். உள்ளே வாளி மாதிரி ஒரு பாத்திரம், அடியில் மாவு பிசைய ஒரு குட்டித் துடுப்பு, மேலே மூடி, மூடியில் ஒரு கண்ணாடி ஜன்னல். தண்ணீர், மாவு, ஈஸ்ட் போட்டுப் பட்டனை அமுக்கினால் அதுவே பிசைந்து, அதுவே உப்ப வைத்து, அதுவே சுட்டுக் கொடுக்கும். மூன்றரை மணி நேரம். பிளக் மட்டும் நம் ஊர் ஓட்டைக்குப் பொருந்தவில்லை. வெட்டிவிட்டு வேறு போட்டேன். அத்தோடு கிளம்பியிருக்கலாம். புது மெஷின் ஓடுவதைப் பார்க்கிற ஆசையில் நின்றேன்.

“மதாமுக்கு ரொட்டின்னா ரொம்பப் பிரியமா முசே?” என்று கேட்டேன்.

உள் அறையில் இருந்து ஒரு குரல் வந்தது. “மதாமாம் மதாம். அரியாங்குப்பத்துல சாணி அள்ளுனவ நானு. அக்கான்னு கூப்புடு மெக்கானிக்கு.”

எட்டிப் பார்த்தேன். கட்டிலில் ஒரு போர்வையும் ரெண்டு கண்ணும் இருந்தன. அக்காவுக்கு ரெண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். உப்பு கூடவே கூடாது. தண்ணீருக்கும் அளவு. ஒரு சின்ன பாட்டிலில் முசே பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார், காலையில் இது வரைக்கும், மதியம் இது வரைக்கும் என்று. சோற்றைக் கண்டாலே அக்காவுக்கு வாந்தி. முப்பது வருஷம் பிரான்ஸில் இருந்தவர், ரொட்டி ஒன்றுதான் வயிற்றில் நிற்கும். ஆனால் நம் ஊரில் எந்த ரொட்டியில் உப்பு இல்லை? முசே பேக்கரி பேக்கரியாகப் போய்க் கேட்டிருக்கிறார். “ஒங்க ஒருத்தருக்காவத் தனியா மாவு பெசைய முடியுமா முசே?” என்று எல்லா இடத்திலும் ஒரே பதில். அதனால்தான் மெஷின்.

சாப்பிடாவிட்டால் இந்த உடம்பு டயாலிசிஸைத் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவின் வளையல் முழங்கை வரைக்கும் தடையில்லாமல் போய் வந்தது. ரொட்டி வரவேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

மெஷினோடு வந்த புத்தகம் பிரெஞ்சில். முசே ஒவ்வொரு வரியாக எனக்குத் தமிழில் சொல்லி, தராசில் கிராம் கணக்காக நிறுத்துப் போடுவார். “தண்ணி. எண்ண. உப்பு ஒரு ஸ்பூன், அது வேணாம். மாவு. மாவு நடுவுல குழி. குழியில ஈஸ்ட்.” ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில், “அது வேணாம்” என்று சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும்.

முதல் ரொட்டி ஒரு மணி நேரத்தில் பொங்கி மேலே வந்து மூடியைத் தொட்டது. நான் கை தட்டினேன். முசே திறந்து பார்த்தார். கால் மணி கழித்து மறுபடி திறந்து பார்த்தார். வெந்து முடிந்து கவிழ்த்தபோது நடுவில் இவ்வளவு பெரிய குழி. ஓரம் கல், உள்ளே பிசின்.

அக்கா பார்த்தார். “ரெண்டு பேருமா சேந்து கெணறு வெட்டியிருக்கீங்க. எனக்குத்தான் தண்ணி கெடையாதே.”

மூடியைத் திறந்ததால்தான் சூடு போய் அமுங்கிவிட்டது என்று நான் கண்டுபிடித்தேன். அவ்வளவு பெரிய மூளை எனக்கு. “ஜன்னல் வழியாப் பாருங்க முசே, அதுக்குத்தான் வச்சிருக்கான்.”

“கண்ணாடி வழியா பாத்தா அது போட்டோ. தொறந்து பாத்தாத்தான் ரொட்டி.”

அடுத்த தடவை மூடியைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். முசே எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இருபது நிமிஷம் தாங்கினார். நான் பாத்ரூம் போய்விட்டு வந்தால் டேப் பிரிந்து தொங்கியது.

“டேப்பு ஒழுங்கா ஒட்டிகினு இருக்கான்னு பாத்தேன்.”

மூன்றாவது ரொட்டியை அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் நான் தனியாகப் போட்டேன். ஒருவரும் மூடியைத் தொடவில்லை. அதுவும் குழி. அப்போதுதான் குற்றம் முசேவின் கையில் மட்டும் இல்லை என்று தெரிந்தது. மைதாவை மாற்றினோம். ஈஸ்ட்டை மாற்றினோம். ஒருநாள் பாதியில் கரண்ட் போய் வந்தது, மெஷின் குடிகாரன் மாதிரி எங்கே விட்டோம் என்று மறந்து முதலில் இருந்து பிசைய ஆரம்பித்தது. ஒன்பது ரொட்டி போனது. தெரு நாய்கள் முகர்ந்து பார்த்துவிட்டு, வேண்டாம் முசே என்கிற மாதிரி வாலை ஆட்டின.

அக்கா ஒவ்வொரு ரொட்டியிலும் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டு, நேரம் கழித்து மெதுவாகத் துணியில் துப்புவார். முசே பார்க்காத நேரமாகப் பார்த்துத் துப்புவார். முசே அந்தத் துணியையும் பிரித்துப் பார்ப்பார்.

அந்த நாட்களில்தான் ஒன்று நடந்தது. நான் வாசலில் பெட்டியை வைத்தேன், முசே திறக்கவில்லை. நான் நின்று பார்த்தேன். “என்னா முசே, செக்கிங் இல்லியா?”

“ஒம் பொட்டி எனக்குத் தெரியும். உள்ள வா.”

அதை ஏதோ மெடல் குத்தியது மாதிரி நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

படிக்காதவனுக்குத்தான் புத்தகத்தின் மேல் மரியாதை அதிகம். எனக்கு அந்த உப்பு ஸ்பூன் உறுத்திக்கொண்டே இருந்தது. அச்சுப் போட்டு வைத்திருக்கிறானே, அதை விட்டால் எப்படி வரும்? ஒரு ரொட்டிக்கு ஒரு ஸ்பூன். என் வீட்டில் அது ஒரு குழம்புக்கே காணாது. அதிலும் அக்கா தின்னப்போவது ஒரு துண்டு, அதில் என்ன வந்துவிடும்? இப்படி எல்லாம் கணக்குப் போட்டேன். கணக்கில்தான் என்னை ரெண்டு தடவை ஐந்தாவது உட்கார வைத்தார்கள்.

அந்த வீட்டில் உப்பே கிடையாது. முசேவும் உப்பில்லாமல்தான் தின்றார், மூன்று வருஷமாக. நான் மதியத்துக்குக் கூழ் கொண்டுபோவேன், உப்பு தனியாகக் காகிதத்தில் மடித்திருக்கும். அதைப் பெட்டியில் முறுக்கு இருக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு போனேன். முசே அக்காவைத் தூக்கி உட்கார வைக்க உள்ளே போனார். நான் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினேன்.

ரொட்டி வந்தது. குழி இல்லை. மேலே கோபுரம் மாதிரி, பொன் நிறம், தட்டினால் டொக் டொக் என்று சத்தம். முசே அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார், பிள்ளை பிறந்தவன் மாதிரி. அக்கா ஒரு துண்டு தின்றார். இன்னொன்று கேட்டார். நாலு துண்டு.

“என்னா பண்ண மெக்கானிக்கு?”

“கைராசிக்கா,” என்றேன். வாய் கூசவில்லை.

அடுத்த வாரத்துக்குள் இன்னும் மூன்று ரொட்டி. மூன்றிலும் என் கைராசி.

நாலாவது ரொட்டி பாதி இருக்கும்போதே அக்காவுக்குத் தாகம் தாங்கவில்லை. பாட்டிலில் காலைக் கோட்டையும் மதியக் கோட்டையும் ஒரே மூச்சில் தாண்டினார். முகம் கழுவும் தண்ணீரைக் குடித்தார். கால் வீங்கியது, முகம் வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது. முறை இல்லாத நாளில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எங்கிருந்தோ உப்பு போயிருக்கிறது, அடுத்த தடவை இப்படி வந்தால் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினாராம்.

எனக்கு அது தெரியாது. பெட்டியில் ஐந்தாவது உப்புப் பொட்டலத்தோடு போகிறேன். வீடு முழுக்க மூடி திறந்து கிடந்தது. மைதா டின், சர்க்கரை டப்பா, எண்ணெய் பாட்டில், மாத்திரைச் சீசா, எல்லாம் தரையில். முசே பீரோவில் இருந்து புடவைகளை உதறிக்கொண்டிருந்தார்.

“எங்க வச்சிருக்க சொல்லு. ஊறுகாயா, கருவாடா? யார் குடுத்தா? தலகாணியில வச்சிருக்கியா?”

“சத்தியமா இல்லங்க,” என்றார் அக்கா. பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. “எங்கம்மா மேல சத்தியமா.”

முசே தலையணை உறையை உருவினார். மெத்தையைத் தூக்கினார். கடைசியில் அலமாரியில் இருந்த பவுடர் டப்பாவை எடுத்து, மூடியைத் திருகி, மோந்து பார்த்தார்.

அக்கா அதைப் பார்த்தார். “கல்யாணம் ஆன அன்னிக்கு எம் பொட்டியத் தொறந்து இதே மாதிரி பவுடர் டப்பாவ மோந்து பாத்தீங்க. அன்னிக்கி சிரிச்சேன்.” சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முசே என் பக்கம் திரும்பி, “நீயாவது சொல்லுடா, ஒனக்கு எதாவது தெரியுமா?” என்று கேட்டார். அப்போதும் என் பெட்டி அவர் காலடியில் மூடியே இருந்தது. அதை மட்டும் அவர் திறக்கவில்லை.

நானே குனிந்து திறந்தேன். பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

பிரித்தார். நாக்கில் வைத்துப் பார்க்கக்கூட இல்லை. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அடிப்பார் என்று நினைத்துக் கன்னத்தைக் கொஞ்சம் முன்னால் வேறு நீட்டிக்கொண்டு நின்றேன், குறி தப்பக் கூடாதே.

“எத்தன ஸ்பூன்?”

“ஒண்ணு.”

“எத்தன ரொட்டி?”

“நாலு முசே.”

ஒரு தாளில் எழுதிக்கொண்டார், டாக்டரிடம் காட்ட. பிறகு கட்டிலுக்குப் போய்த் தரையில் மண்டி போட்டார். அந்த முட்டி மடங்கும்போது வந்த சத்தம் எனக்குக் கேட்டது. பவுடர் டப்பாவை மறுபடி மூடி அக்காவின் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“பர்தோன்,” என்றார். அவர் வாயால் மன்னிப்பு என்கிற வார்த்தையை நான் கேட்டதில்லை. அக்காவும் கேட்டிருக்க மாட்டார் போல, திரும்பிப் பார்த்தார்.

பிறகு அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார். “கொலகாரப் பாவி. ஆனா ரொட்டி நல்லா இருந்துச்சுடா.”

நான் அங்கேயே அழுதேன். எனக்கு அழகாக அழத் தெரியாது, மோட்டார் ஸ்டார்ட் ஆகாத மாதிரி சத்தம் வரும். அக்காவுக்கு அந்த மூச்சிலும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் விறகு அடுப்பு போட்டு ரொட்டி சுடுகிற ஒரு பேக்கரியின் பின்பக்கம் போய் நின்றேன். அடுப்புக்காரர் லுங்கியோடு மாவு மேசை மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், திருட்டையும் சேர்த்து.

“போடா கேணப்பயலே,” என்றார். “உப்புதான்டா ஈஸ்ட்டுக்கு மூக்கணாங்கயிறு. கயிறே இல்லாத மாட்ட நம்ம வெயில்ல உட்டா ஓடாம என்னா பண்ணும்? ஓடி ஓடிக் களைச்சி அடுப்பு பத்தறதுக்குள்ள படுத்துக்குது. கயிறு கட்ட முடியாதுன்னா தீனியக் கொற. ஈஸ்ட்டு பாதி. தண்ணி ஐஸ் தண்ணி, அதுலயும் ரெண்டு ஸ்பூன் கம்மி, உப்பில்லாத மாவு கொழகொழன்னு போவும். ரெண்டு தடவ பொங்க உடாத, ஒரே தடவ. ஒம் மெஷின்ல சீக்கிரமா முடியற பட்டன் இருக்கும், அத அமுக்கு. பெசைய ஆரம்பிச்சி அஞ்சு நிமிசத்துல ஒரு தடவ தொறந்து தொட்டுப் பாரு, காது மடல் மாதிரி இருக்கணும். அதுக்கப்பறம் தொறந்த, கைய ஒடைப்பேன்.”

கை விஷயத்தை முசேவிடம் அப்படியே சொன்னேன். ஒரு தடவை திறக்க அனுமதி உண்டு என்றதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

அன்றைக்கு வாசலில் என் பெட்டியைத் திறந்து, சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாவற்றையும் நானே வெளியே இழுத்துக் காட்டினேன். அவரும் ஒன்று விடாமல் பார்த்தார். பார்க்கட்டும். முறுக்கைக்கூட ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டு, “இதுலயும் உப்பு” என்று வாசலுக்கு வெளியே வைத்தார்.

கிண்ணத்தில் ஐஸ் கட்டிகள் மிதந்தன. அக்கா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“மாவுக்கு மட்டும் ஐஸு. பொண்டாட்டிக்குக் கெடையாது.”

முசே பாட்டிலின் மதியக் கோட்டைப் பார்த்தார். கணக்குப் போட்டார். ஒரு கட்டியை எடுத்து அக்காவின் நாக்கில் வைத்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

ஐந்தாம் நிமிஷம் முசே மூடியைத் திறந்து, மாவைத் தொட்டு, தன் காது மடலைத் தொட்டு, மறுபடி மாவைத் தொட்டு மூடினார். பிறகு கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நெற்றியில் வேர்வை. நான் என் ஜோக்குகளை எல்லாம் வரிசையாக எடுத்துவிட்டேன், ஒன்றும் காதில் ஏறவில்லை. ஒரு கட்டத்தில் எழுந்தார். நேராக மெஷினிடம் போகிறார் என்று நான் பாய்ந்தேன். அவர் அதைத் தாண்டி அறைக்குள் போய், அக்காவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“தூங்குறா,” என்றார்.

அதற்கப்புறம் அவர் எதைத் திறந்தாலும் நான் கேலி செய்ததில்லை.

ரொட்டி வந்தது. கோபுரம் எல்லாம் இல்லை. தட்டையான தலை, வெளுத்த நிறம், என் படிப்பு மாதிரி பாதி உயரம். ஆனால் குழி இல்லை. உடனே பாத்திரத்தில் இருந்து கவிழ்த்து, அடியில் மாட்டிக்கொண்ட துடுப்பைப் பிடுங்கி, ஆறும் வரைக்கும் கத்தியை முசேவிடம் இருந்து பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

அக்கா ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். நானும் முசேவும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம். விழுங்கினார்.

“சப்புன்னு இருக்கு,” என்றார். இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினார். “நம்பித் திங்கலாம்.”

அதற்குப் பிறகு ரெண்டு மழைக்காலம் இருந்தார். ரெண்டு வருஷமும் அந்தச் சப்பு ரொட்டிதான். வெயில் காலத்தில் ஈஸ்ட்டை இன்னும் கிள்ளிக் குறைப்போம், மழை வந்தால் ஒரு சிட்டிகை கூட்டுவோம். ஒவ்வொரு தடவையும் என் பெட்டி வாசலில் திறந்து வைக்கப்படும், முசே பார்ப்பார், பிறகு நான் உள்ளே போவேன்.

அக்கா போன பதினாறாம் நாள் காரியம் முடிந்து, முசே மகனோடு பிரான்ஸுக்குக் கிளம்பினார். கிளம்புகிற அன்று ஆட்டோவை என் கடை வாசலில் நிறுத்தச் சொல்லி மெஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். கடை முழுக்க ரிப்பேருக்கு வந்த மிக்ஸி ஜார்கள், எல்லாம் மூடியோடு. ஒன்றின் மேலும் அவர் கை போகவில்லை. நான் பழக்க தோஷத்தில் டூல்ஸ் பெட்டியைத் திறந்து நீட்டினேன். பார்க்காமலேயே மூடியைச் சாத்தினார்.

“போதும்டா,” என்றார். மெஷினை மேசை மேல் வைத்துவிட்டு ஏறிப் போய்விட்டார்.

ஆட்டோ திரும்பின பிறகு மெஷினின் மூடியைத் திறந்து பார்த்தேன். பாத்திரத்துக்குள் ஒரு கிலோ உப்பு பாக்கெட், பிரிக்காமல்.

வீட்டில் வாரா வாரம் அதே சப்பு ரொட்டியைப் போடுகிறேன். “மண்ணு மாதிரி இருக்கு, உப்பு பாக்கெட்டு அங்கியே தான இருக்கு, ஒரு ஸ்பூன் போட்டா என்னா?” என்று என் பொண்டாட்டி கத்துவாள். மழைக்காலத்து ஈரத்தில் அது பாக்கெட்டுக்குள்ளேயே இறுகி ஒரே கல்லாகிவிட்டது. நான் இன்னும் பிரிக்கவில்லை.